ஆலய நிலத்துக்காக வாதாட விரும்பும் மகளின் பெற்றோருக்கு

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கும் பெற்றோரே, ஐந்தாம் படிவத்தின் எஸ்பிஎம் தேர்வை முடித்த மகள் சட்டம்தான் படிப்பேன் என்பதும், வீட்டை அடமானம் வைத்தாவது வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வையுங்கள் என்று அவளுடைய பெரியப்பா வற்புறுத்துவதும் உங்களை உறங்கவிடவில்லை என்பது புரிகிறது. ஆயினும் ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. வீட்டை அடமானம் வைக்காதீர்கள். 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த அடிப்படையிலேயே பணியைத் தொடங்குகிறார்கள். விருப்பமில்லாத பிள்ளையைக் கடனோடு அந்த வரிசையில் நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

தோட்டத்து மாரியம்மன் ஆலயத்துக்குக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்ததிலிருந்து, அவள் நிர்வாகக் குழுவின் கோப்புகளைப் படித்து வருவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சமய அமைப்புகளுக்காக நில விவகாரங்களில் வாதாடும் வழக்கறிஞர்கள் நமக்குத் தேவை. நம் ஆலயங்களில் பல, தோட்ட நிர்வாகத்தின் வாய்மொழி அனுமதியில் எழுந்தவை. எத்தனை தலைமுறை வழிபட்டிருந்தாலும், நீண்டகால அனுபோகத்தை மட்டும் கொண்டு உரிமை கோர தேசிய நிலச் சட்டம் இடம் தருவதில்லை. அரசியலமைப்பின் 11(3) ஆம் விதி, சமயக் குழுக்கள் சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் உரிமை தருகிறதே தவிர, குறிப்பிட்ட ஒரு நிலத்தைத் தருவதில்லை. ஆகவே நல்ல வழக்கறிஞர் நீதிமன்றத்துக்கு வெகுமுன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறார்: நில அலுவலகத்தில் பட்டாவையும் அதிலுள்ள பயன்பாட்டு நிபந்தனையையும் தேடிப் பார்க்கிறார், 1976 ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் உள்ளூர்த் திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போதே, வழிபாட்டு நிலம் ஒதுக்கக் கோரி எழுத்துமூலம் ஆட்சேபம் அளிக்கிறார், மாற்று நிலத்தின் பட்டா யார் பெயரில் வரும், கட்டுமானச் செலவு யாருடையது என்று மேம்பாட்டு நிறுவனத்திடம் பேசி ஒப்பந்தமாக்குகிறார். அதிகாரிகளின் முடிவு சட்டத்துக்குப் புறம்பானதென்றால், அதை நீதிமன்றம் மறுஆய்வு செய்யக் கோரும் சீராய்வு மனுவுக்கு மூன்று மாதங்களே கெடு.

எல்லாவற்றுக்கும் முன்பாக, ஆலயத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்பதை உறுதிசெய்ய வேண்டும். ஆலயத்தை யார் நிர்வகிப்பது என்று இரு தரப்பினர் மோதிய சிலாங்கூர் சீபீல்ட் மாரியம்மன் ஆலய விவகாரத்தில், 2014 இல் உயர் நீதிமன்றத்தில் இணக்கத் தீர்ப்பு, அதாவது தரப்பினர் ஒப்புக்கொண்ட தீர்ப்பு, பதிவான பின்னும் பிணக்கு ஓயாமல், 2018 நவம்பரில் கலவரம் வரை போனதை நாம் பார்த்தோம்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் படிவம் ஆறு, அதன் முடிவில் எஸ்டிபிஎம் தேர்வு, பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்திலோ தேசியப் பல்கலைக்கழகத்திலோ சட்டப் பட்டம், அதன்பின் ஒன்பது மாதப் பயிற்சி. இந்த வழிக்கு வீடு தேவையில்லை. ஆலய வழக்குகள் மட்டுமே குடும்பத்தைக் காப்பாற்றா; வீடு, நிலம் வாங்கி விற்கும் ஆவண வேலையையும் அவள் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும். நில அலுவலகக் கோப்புகள் மலாயில் இருப்பவை, ஆதலால் எழுத்து மலாயில் அவள் இப்போதே தேர வேண்டும்.

பெரியப்பாவுக்கு மறுப்புச் சொல்லும் பொறுப்பை அவள்மேல் போடாதீர்கள். இந்த வாரமே நீங்கள் இருவரும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.