சயாட்டிகா வலிக்கு ஆபரேஷன் இல்லாமல் தீர்வு உண்டா?

எல்5-எஸ்1 டிஸ்க் (முதுகெலும்பின் அடிப்பகுதியில் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பது) பிதுங்கி, காலுக்கு இறங்கும் நரம்பை அழுத்துவதாக ஸ்கேனில் வந்திருக்கிறது, அதனால் காலில் இறங்கும் சயாட்டிகா வலிக்கு ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்களுக்கு வேண்டியதில்லை. நான் டாக்டர் இல்லை, இதே டிஸ்க்கால் பட்டவள். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் இணையத்தில் தேடித் தேடிப் படித்துத் தூக்கம் கெட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் ஆனது. பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியே சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்கும். தும்மல் வருகிறது என்றாலே சுவரைப் பிடித்துக்கொள்வேன். குனிந்து சாக்ஸ் போட முடியாது. நாற்காலியில் முழங்காலை ஊன்றி, பாதத்தைப் பின்பக்கம் நீட்டிவைத்து, கையைப் பின்னால் கொண்டுபோய் மாட்டுவேன். அது ஒன்றுக்கே வியர்த்துவிடும்.

முதலில் அந்த ஸ்கேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1994-இல் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு டிஸ்க்காவது வீங்கியிருந்தது. நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிதுங்கியே இருந்தது. அவர்கள் எல்லாரும் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே படத்தில் தெரிவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. உங்கள் கால் என்ன சொல்கிறது என்பதோடு அது பொருந்த வேண்டும்.

எனக்கு யாருமே முதலில் சொல்லாத விஷயம் இன்னொன்று. வெளியே வந்த டிஸ்க் அப்படியே நின்றுவிடுவதில்லை. உள்ளிருக்கும் கூழ் கசிந்து வெளியே வந்ததும் உடல் அதை அந்நியப் பொருளாக நினைத்து, வெள்ளை அணுக்களை அனுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. லேசான வீக்கத்தைவிட, பெரிதாகப் பிதுங்கி வெளியே வந்ததும், துண்டாகப் பிரிந்ததும்தான் இப்படிச் சுருங்க அதிக வாய்ப்பு. ரிப்போர்ட்டைப் படிக்கும்போது அதுதான் நம்மை அதிகமாகப் பயமுறுத்துகிறது! வலிக்கு அழுத்தம் மட்டுமே காரணம் இல்லை. அந்தக் கூழ் பட்டு நரம்பின் வேர் அழன்றுபோவதும் ஒரு காரணம். அழற்சி தணியத் தணிய வலியும் இறங்கும். நிறையப் பேருக்கு 6 முதல் 12 வாரங்களில் நல்ல மாற்றம் தெரியும். எனக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆனது, அதனால் தாமதமானால் மனம் விட்டுவிடாதீர்கள்.

படுத்தே கிடக்கச் சொல்வார்கள். வேண்டாம். சயாட்டிகாவுக்கு 2 வாரப் படுக்கை ஓய்வு பலன் தருகிறதா என்று 1999-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எழுந்து நடமாடியவர்களைவிட ஓய்வெடுத்தவர்கள் தேறிவிடவில்லை. தாங்க முடியாத நாளில் படுங்கள், சரி. மற்ற நாளில் வீட்டுக்குள்ளாவது நடங்கள். ஒரே மூச்சில் நெடுந்தூரம் வேண்டாம், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக.

எனக்குத் திருப்புமுனையாக இருந்தது பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த ஒரு பார்வை. குப்புறப் படுக்க வைத்தார். சில நாள் கழித்து முழங்கைகளை ஊன்றி மார்பைத் தூக்கச் சொன்னார். அப்புறம் கைகளை நீட்டி, இடுப்பு தரையிலேயே இருக்க, மேல் உடம்பை மட்டும் உயர்த்துவது. செய்யும்போது முதுகில் வலி கூடியது. பயந்து சொன்னேன். "காலில் எங்கே இருக்கு இப்போ?" என்று கேட்டார். பாதத்தில் இல்லை, தொடையோடு நின்றுவிட்டது. வலி காலை விட்டு மேலே ஏறி இடுப்புக்குள் ஒடுங்கினால் நல்ல அறிகுறி, முதுகு கூடுதலாக வலித்தாலும் கவலை இல்லை என்றார். மாறாக, வலி கீழே பாதம் நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும். இதைக் கவனித்து ஒரு முறையாக்கியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ராபின் மெக்கன்சி. இது எல்லாருக்கும் பொருந்தாது. முதுகுத்தண்டுக் குழாய் சுருங்கிய வயதானவர்களுக்குப் பின்பக்கம் வளைந்தால் வலி கூடும். அதனால் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

காலை நீட்டிக் குனிந்து கட்டைவிரலைத் தொடச் சொல்லும் வீடியோக்களைத் தயவுசெய்து தள்ளிவையுங்கள். அழன்ற நரம்பைப் போட்டு இழுப்பதுதான் அது. காலையில் எழுந்ததும் குனிவதும் வேண்டாம். இரவில் டிஸ்க் தண்ணீரை இழுத்து உப்பியிருக்கும், அந்த நேரத்தில் குனிந்தால் அதன்மேல் அழுத்தம் அதிகம்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த வலிக்குக் கட்டு இல்லை, காயம் இல்லை, அதனால் யாரும் நம்புவதில்லை. உட்கார்ந்தால் கால் எரியும் என்பதால் அலுவலகக் கூட்டங்களில் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். எல்லார் முன்னிலையிலும் "உட்காருங்க, கவனம் சிதறுது" என்றார் மேலாளர். டாக்டர் சீட்டைக் காட்டிய பிறகும் அந்த முகம் மாறவில்லை. இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ஆபரேஷன் செய்து நலமானவர்கள் என் மேல் கோபப்பட வேண்டாம், நான் அதற்கு எதிரி இல்லை. நெதர்லாந்தில் சயாட்டிகா உள்ள 283 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2007-இல் வந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு, ஆபரேஷன் இல்லாமல் காத்திருந்தவர்களைவிடக் கால்வலி வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிலைதான். காத்திருந்தவர்களில் பத்தில் நான்கு பேர் பிறகு ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வலியைப் பொறுக்க முடியாமல் அந்த முடிவை எடுப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் சில அறிகுறிகள் வந்தால் காத்திருக்கும் பேச்சே கிடையாது. சிறுநீர் வராமல் அடைப்பது, மலமோ சிறுநீரோ தன்னை அறியாமல் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் தளர்வது. இவற்றில் எது வந்தாலும் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நடக்கும்போது பாதம் தூக்க வராமல் தரையில் இழுபட்டால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

உங்களுடையது எல்5-எஸ்1 என்பதால் வீட்டிலேயே ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்குங்கள். வலிக்காத காலால் எளிதாகத் தூக்கிவிட்டு, வலிக்கும் காலால் முடியவில்லை என்றால், அந்த டிஸ்க் வழக்கமாக அழுத்தும் எஸ்1 நரம்பு பலமிழந்திருக்கலாம். டாக்டரிடம் வலியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள். எனக்கு ஆரம்பத்தில் தூக்கவே வரவில்லை; வலி போய் நெடுநாள் கழித்துத்தான் அந்தக் கெண்டைக்காலுக்குப் பலம் திரும்பியது.