பையன் புத்திசாலிதான், பிறகு எதற்குக் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை? அதில் என்னதான் பார்ப்பார்கள்?

நானும் இதையே கேட்டவன்தான். கற்றல் குறைபாடு என்றால் புத்தி இருந்தும் வாசிக்கவோ எழுதவோ கணக்குப் போடவோ திணறுவது. மூன்றாம் வகுப்பில் என் மகன் பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிப்பான். ஒரு நாள் விரல் அடுத்த பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருக்க, வாய் முந்தைய பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதுவரை மனப்பாடத்தைத்தான் வாசிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்து வரச் சொன்னார் உளவியலாளர். அப்புறம் இரண்டு நாள் காலையில் உட்கார வைத்தார். ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று அவசரப்படாதீர்கள், களைத்துப்போன பிள்ளை தெரிந்ததையும் தப்பாகச் சொல்லும்.

முடிந்த பிறகு அவர் காட்டிய ஒரு தாள்தான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது. 'தமுகி', 'பொமட்டு', 'நெலாசம்' என்று அர்த்தமே இல்லாத இருபது சொற்கள். மனப்பாடம் கைகொடுக்காது, படத்தைப் பார்த்து ஊகிக்கவும் வழியில்லை. எழுத்துகளை ஒலியாக்கிச் சேர்த்தே ஆக வேண்டும். என் மகன் 'தமுகி'யைத் 'தம்பி' என்று வாசித்திருந்தான். முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகிக்கிறான். இருபதில் நாலுதான் சரி.

ஐக்யூவுக்கு வருகிறேன். 6 வயது முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்கான வெக்ஸ்லர் என்ற ஐக்யூ சோதனையில் சராசரி 100. இவனுக்கு மொத்தம் 101. ஆனால் உள்ளே சொல்லறிவு 118, செயல்வேகம் 82. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் 'சராசரிப் பையன், சோம்பேறி' என்று முடித்திருப்பார்கள். பிரிவு வாரியான எண்களைக் கேட்டு வாங்குங்கள். ஐக்யூ நன்றாக இருப்பதால் குறைபாடு இல்லை என்று ஆகிவிடாது. இத்தகைய குறைபாடுகளைக் கண்டறிய மனநல நிபுணர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு, தகுந்த உதவி கொடுத்தும் சிரமம் குறைந்தது 6 மாதம் நீடிக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. அதனால் பழைய நோட்டுப் புத்தகங்களையும் ஆசிரியர் எழுதிய குறிப்புகளையும் எடுத்துப் போங்கள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பெர்சென்டைல் வேறு, சதவீதம் வேறு. வாசிப்பு வேகத்துக்கு 9 பெர்சென்டைல் என்றிருந்ததை நூற்றுக்கு ஒன்பது மார்க் என்று நினைத்து ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தேன். அதே வயதுள்ள நூறு பிள்ளைகளை வேகப்படி வரிசையில் நிறுத்தினால் சுமார் ஒன்பது பேர் இவனுக்குப் பின்னால் நிற்பார்கள், அவ்வளவுதான். சந்தோஷப்படும் எண் இல்லை, சரி, ஆனால் நான் பயந்ததும் அது இல்லை.

கடைசிப் பக்கத்தில் பரிந்துரைகள் இருக்கும். எங்களுக்கு முதலில் வந்தது 'கூடுதல் பயிற்சி தேவை' என்ற ஒரே வரி. என்ன பயிற்சி, வாரத்துக்கு எத்தனை நாள், யார் கொடுப்பது என்று எழுதிக் கேட்டுத் திருப்பி அனுப்பினேன். தேர்வில் கூடுதல் நேரம் தர வேண்டும், கேள்வித்தாளை வாசித்துக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்த அறிக்கையில்தான் இருந்தன.