இரண்டு டயல் கெமரா வாங்கினால் கை வேகமாகுமா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். கல்யாணம், கோயில் தேர் என்று படம் எடுக்கிறேன். கையில் இருப்பது கெனன் 1500டி, கூடவே வந்த 18-55 லென்ஸ். எல்லாவற்றையும் நாமே அமைக்கவேண்டிய எம் மோடில், ஒரே டயலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுவதற்குள் கை தடுமாறுகிறது. கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் படம் தவறிவிடுகிறது. டவுனில் கெமரா வாங்கி விற்கும் ஒருவர், “பழைய கெனன் 80டி இருக்கு, இரண்டு டயல், இனி கை தடுமாறாது” என்று முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தம்பி, கொடுக்க வேண்டாம். 80டி நல்ல கெமராதான். ஆனால் உங்கள் தடுமாற்றத்துக்கு அது மருந்தில்லை.

இரண்டாவது டயல் எதற்கு? ஷட்டர் வேகத்தை ஒரு விரலும் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, இன்னொரு விரலும் மாற்றுவதற்கு. கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் உங்கள் லென்ஸை எப்படியும் முழுதாகத் திறந்துதான் வைக்கவேண்டும். 3.5இல் விட்டால் (எண் சிறிதானால் திறப்புப் பெரிது), ஸூம் பண்ணும்போது கெமராவே 5.6 வரை கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்துவிடும். மாற்றத் தேவையே இல்லாத ஒன்றுக்கு எதற்குத் தனி டயல்? மண்டபத்துக்குள் போனதும் அப்பர்ச்சரை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். டயல் ஷட்டருக்கு மட்டும். வெளிச்சத்துக்கான உணர்திறனை மாற்றும் ஐ.எஸ்.ஓ.வுக்குப் பின்பக்க நாலு திசைப் பட்டன்களில் மேலே உள்ளது.

தேர் எடுக்கும்போது கதை வேறு. நம் பக்கத்தில் ஒரு நிமிடம் வெயில், மறு நிமிடம் மூடுபனி. அங்கே எம் மோடை விட்டு ஏவி மோடுக்கு வாருங்கள்: அப்பர்ச்சரை நீங்கள் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கெமராவே பார்த்துக்கொள்ளும். ஆனால் பனி வெள்ளை என்று கெமராவுக்குத் தெரியாது. வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடும். பனி சாம்பல் நிறமாகும், முகங்கள் கறுத்துப்போகும். திரைக்கு வலப்பக்கம், பெருவிரல் எட்டும் இடத்தில் ஏவி என்றும் கூட்டல் கழித்தல் குறியும் போட்ட பட்டன் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தபடி டயலைச் சுற்றி, பனியில் ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காக, கூட்டுங்கள். மலைநாட்டில் படம் எடுப்பவருக்கு மிக முக்கியமான பட்டன் அதுதான். கும்மிருட்டிலும் பெருவிரல் தானாக அங்கே போகும்வரை, வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள்.

இன்னொரு மாற்றம். மெனுவில் கஸ்டம் ஃபங்ஷனுக்குப் போய், ஷட்டர் பட்டனுக்கான அமைப்பை ‘ஏ.ஈ. லொக்/ஏ.எஃப்.’ என்று வையுங்கள். அதன்பின் ஃபோக்கஸ் பிடிப்பது பின்பக்க நட்சத்திரப் பட்டன், படம் எடுப்பது ஷட்டர் பட்டன். தாலி கட்டும் நேரத்தில் ஃபோக்கஸைத் தேடிக்கொண்டு ஷட்டர் தாமதிக்காது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் எந்தக் கண்ணால் வியூஃபைண்டரைப் பார்க்கிறீர்கள் என்று எழுதவில்லை. நான் மேலே சொன்னதெல்லாம் வலக்கண்காரருக்கு. இடக்கண்ணால் பார்த்தால் முகம் கெமராவின் பின்பக்கம் முழுவதையும் மறைத்துவிடும். நட்சத்திரப் பட்டனுக்குப் போகிற பெருவிரல் கன்னத்துக்கும் கெமராவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், கண்ணாடி போட்டவர் என்றால் கண்ணாடியில் இடிக்கும். அப்படியானால் ஃபோக்கஸை ஷட்டர் பட்டனிலேயே விட்டுவிடுங்கள். நாளைக்கு மிரர்லெஸ் என்ற புதுவகைக் கெமரா வாங்கினால், பலவற்றில் தொடுதிரையால் ஃபோக்கஸ் புள்ளியை நகர்த்தும் வசதி இருக்கும். இடக்கண்காரரின் மூக்கு பட்டு அந்தப் புள்ளி மூலைக்கு ஓடிவிடும். மணமகள் முகத்தில் வைத்த ஃபோக்கஸ் பின்னாலிருக்கும் வாழைமரத்தில் போய் நிற்கும். மெனுவில் அதை நிறுத்தலாம், அல்லது திரையின் ஒரு பகுதிக்கு மட்டும் என்று வைக்கலாம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், நீங்கள்தான் முகத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

சரி, அந்த விற்பனைக்காரர். இந்த ஆட்கள் டயலை எண்ணிக் காட்டுவார்கள், டயலைச் சுற்றிக் காட்டமாட்டார்கள். பழைய கெமராவில் முதலில் கெட்டுப்போகிறவற்றில் டயலும் ஒன்று. ஒரு ‘கிளிக்’ சுற்றினால் எண் ஒரு படி நகரவேண்டும். இரண்டு படி தாவினாலோ, முன்னுக்குச் சுற்றும்போது பின்னுக்குப் போனாலோ, உள்ளே தேய்ந்துவிட்டது. இரண்டு டயலையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பிடியின் ரப்பர் வழுவழுத்து ஓரம் எழும்பியிருந்தால் அது நன்றாக உழைத்த கெமரா. “ஷட்டர் கவுண்ட் ஐயாயிரம்தான்” என்பார், அதாவது இதுவரை அவ்வளவு படம்தான் எடுத்திருக்கிறது என்று. கெனனில் அந்த எண் படத்தின் விவரங்களில் பதிவாவதில்லை, தனி மென்பொருளால்தான் வாசிக்கவேண்டும். அவர் வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. பில்லில் பாடியின் (லென்ஸ் இல்லாத கெமராவின்) தொடர் இலக்கம் எழுதித் தராதவரிடம் எதுவும் வாங்காதீர்கள்.

கம்பனிகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. இரண்டாவது டயலை விலைகூடிய பாடிக்கென்று ஒதுக்கிவைத்து, ஆரம்பிக்கிற பிள்ளைகளை ஒற்றை டயலோடு அல்லாடவிடுகிறார்கள். இங்கே நிலைமை இன்னும் மோசம். பழுது பார்க்கக் கொழும்புக்கு பஸ் ஏறவேண்டும், உத்தரவாதப் பத்திரம் ஆங்கிலத்தில். 1987இலேயே தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது, ஆனால் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல்தான் நம் ஆட்கள் இன்னும் காசைக் கொடுக்கிறார்கள்.

வரும் முகூர்த்தங்களை இதே 1500டியில் எடுங்கள். பிறகும் 80டி வேண்டும் என்று தோன்றினால், அதன் எடையையும் கணக்கில் எடுங்கள்: லென்ஸ் இல்லாமல், பட்டரியும் கார்டும் சேர்த்து உங்கள் கெமரா 475 கிராம், 80டி 730. அதன் மோட் டயலில் பூட்டு இருப்பதால் பையில் உராய்ந்து தானாகத் திரும்பாது, அது உண்மையிலேயே நல்ல விஷயம். உங்களுடையதில் பூட்டு கிடையாது. பையிலிருந்து எடுத்தவுடன் மோட் டயலைப் பார்த்துவிட்டு ஷட்டரைத் தொடுங்கள்.