ஓராண்டு அபுனைவு நூல்கள் மட்டுமே படித்ததில் எவை மனதில் தங்கின?

கதை, நாவல் பக்கம் போகாமல் ஓராண்டு முழுக்க வரலாறு, தன்வரலாறு, கட்டுரை என்று படித்தவர்கள் இருந்தால் எது தேறியது என்று சொல்லுங்கள் என்பது கேள்வி. நான் கடந்த ஆண்டு அப்படித்தான் படித்தேன். பெரிய லட்சியம் ஒன்றும் இல்லை. புத்தகக் கண்காட்சிகளில் ஆசையாக வாங்கிய அபுனைவு நூல்கள் பிரிக்கப்படாமல் அலமாரியை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை முடித்த பிறகுதான் புதிதாக வாங்கலாம் என்று வீட்டில் ஆணை.

தேறாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சுயமுன்னேற்ற நூல்கள். விடியற்காலையில் எழுவது, பணத்தைப் பெருக்குவது, பழக்கங்களை மாற்றுவது. நல்ல கட்டுரையாக இருபது பக்கத்தில் முடிந்திருக்க வேண்டியதை இருநூற்றைம்பது பக்கத்துக்கு இழுத்திருக்கிறார்கள். படிக்கும்போது தலையாட்டத் தோன்றுகிறது. மூடி வைத்துப் பத்து நாள் கழித்துக் கேட்டால் அட்டையின் நிறம்தான் நினைவுக்கு வருகிறது. தங்கியவை எல்லாம் எழுதியவர் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் அலைந்த நூல்கள்.

முதலிடம் ராய் மாக்ஸமின் 'உப்பு வேலி'க்கு. தமிழில் சிறில் அலெக்ஸ் மொழிபெயர்த்திருக்கிறார். மாக்ஸம் லண்டனில் நூலகம் ஒன்றில் பழைய நூல்களைப் பராமரிக்கும் பணியில் இருந்தவர். பழைய புத்தகக் கடையில் வாங்கிய, இந்தியாவில் பணியாற்றிய அதிகாரி ஒருவரின் நினைவுக்குறிப்பில் ஓர் அடிக்குறிப்பு அவர் கண்ணில் படுகிறது. உப்பு வரியைக் காப்பதற்காக பிரிட்டிஷார் இந்தியாவின் குறுக்கே ஒரு முள்வேலியை வளர்த்திருந்தார்களாம். வரி கட்டாத உப்பு கடந்துபோகாமல் தடுக்கும் சுங்கக் கோடு அது. 1869 வாக்கில் அதன் நீளம் 2300 மைல். காவலுக்கு ஏறத்தாழ 12,000 பேர். இவ்வளவு பெரிய ஒன்றை ஊரே மறந்துவிட்டது எப்படி என்ற கேள்வியோடு ஆவணங்களைப் புரட்டுகிறார், வரைபடங்களைத் தேடுகிறார், பிறகு இந்தியாவுக்கே வந்து வயல் வரப்புகளில் அலைகிறார்.

வேலி என்றால் கம்பிவேலி இல்லை, உயிர்வேலி. கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி. நல்ல நிலையில் இருந்த இடங்களில் எட்டடி முதல் பன்னிரண்டடி உயரம். இதை முறையாக வளர்த்தெடுத்த சுங்க ஆணையர் யார் தெரியுமா? ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885இல் காங்கிரஸ் உருவாக முன்னின்ற அதே ஹியூம்தான். எந்த மண்ணில் எந்தச் செடி பிடிக்கும் என்று சோதித்துப் பார்த்து நட்டிருக்கிறார். மனிதர் பறவை ஆராய்ச்சியாளரும்கூட. இந்தச் சுங்கக் கோட்டினை மேற்பார்வையிடப் போன பயணங்களில் பறவைகளையும் சேகரித்தார். ஏழையின் உப்புக்கு முள் நட்ட கையும் காங்கிரஸுக்கு அழைப்பு அனுப்பிய கையும் ஒன்று என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. பள்ளிப் பாடத்தில் ஹியூமுக்கு ஒரு வரிதானே கொடுத்தார்கள்?

ராஜஸ்தானின் சாம்பர் ஏரி முதலான உப்பு விளையும் இடங்கள் அரசின் பிடிக்குள் வந்த பிறகு, 1879இல் வேலி கைவிடப்பட்டது. வேலிதான் போனது, வரி போகவில்லை. 1930இல் உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் தண்டி வரையும் வேதாரண்யம் வரையும் நடக்க வேண்டியிருந்தது. கடைசியில் உத்தரப் பிரதேசத்தின் எடாவா பக்கம் மாக்ஸம் கண்டுபிடிப்பது ஒரு மண்மேடும் சில முள்மரங்களும் மட்டுமே. அந்தப் பக்கங்களை ஒரே மூச்சில் படித்தேன்.

அடுத்தது உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பருமனைப் பார்த்துப் பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட நூல். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் பார்க்கப் போகும் இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தான் பாடம் கேட்ட அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் அடுக்குகிறார், முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். எனக்கு அதைவிடப் பிடித்தது பின்னால் வரும் பகுதி. ஏட்டை வைத்துக்கொண்டு பொருள் புரியாமல் திணறியவர், ஊரிலிருந்த சமணர் வீட்டுக்குப் போகிறார். அங்கே ஏதோ விசேஷம்போல் அலங்காரம். விசாரித்தால், அவர்கள் சிந்தாமணியைப் படித்து முடித்ததற்கான கொண்டாட்டம்! கல்லூரியில் தமிழ் கற்பிப்பவருக்குத் தெரியாத காவியம் அடுத்த தெருவில் வீட்டுப் புத்தகமாக இருந்திருக்கிறது. கூச்சப்படாமல் அவர்களிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1887இல் பதிப்பு வெளிவந்தது. இந்தத் தன்வரலாறு 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942 ஏப்ரலில் அவர் காலமானதோடு முற்றுப்பெறாமல் நின்றது. நடுவில் சில அத்தியாயங்களில் மடத்து மரியாதைகள் நீள்கின்றன. அங்கே நான் வேகமாகப் பக்கம் புரட்டியதை மறைப்பானேன்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை முழுதும் முடிக்கவில்லை, முடிக்கும் அவசரமும் இல்லை. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர் 1736 முதல் 1761 வரை எழுதியது. புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு இறந்துபோனார். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது அவர் எழுதிய குறிப்புகளை மட்டுமாவது படியுங்கள். பதைப்பும் இருக்கிறது, துரையிடம் வாய்திறக்க முடியாத உத்தியோகஸ்தரின் கணக்கும் இருக்கிறது. நமக்குத் தெரிந்த பல அலுவலர்கள் நினைவுக்கு வருவார்கள்.

ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' சாகித்திய அகாதெமி விருது பெற்றதால் பலரும் வாங்கியிருப்பீர்கள். வ.உ.சி. கைதான மறுநாள், மார்ச் 13 அன்று, ஊர் பொங்கியதும் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்ததும் நமக்கு ஒற்றை வரிச் செய்தியாகத்தான் தெரியும். அந்த வரிக்குப் பின்னால் இருந்த தெருவையும் கூட்டத்தையும் இவர் காட்டுகிறார். கப்பலோட்டிய தமிழன் என்ற பட்டத்தோடு நின்றுவிட்டவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், வேகமாகப் படிக்க 'உப்பு வேலி'. காசு செலவழிக்க மனமில்லை என்றால் 'என் சரித்திரம்': பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும். தொடராக எழுதப்பட்டதால் ஒவ்வொன்றும் சிறியதுதான்.