படிக்கவும் வேண்டும், சம்பாதிக்கவும் வேண்டும்: இந்தத் தம்பிக்கு என்ன வழி?

கேள்வி: எங்கள் வீட்டில் சமையல் வேலை செய்யும் பெண்ணின் மகனுக்கு 18 வயது. அரசுப் பள்ளியில் படித்தவன். பிளஸ் டூவில் கணிதத்திலும் இயற்பியலிலும் தோற்றுவிட்டான். தந்தை இல்லை. இப்போது தண்ணீர் கேன் போடும் வேலைக்குப் போகிறான். படிக்க ஆசைப்படுகிறான், வீட்டுக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பணம் தருவதைத் தவிர அவனுக்கு நான் என்ன செய்ய முடியும்?
- மதுரை வாசகி

பதில்: நிறையவே செய்யலாம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரவும், கடைசித் தேதியை நினைவூட்டவும், அலுவலகத்துக்குக் கூட வரவும் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள். இந்தத் தம்பிக்கு அப்படி யாரும் இல்லை. அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய அம்மா உங்களிடம் சம்பளம் வாங்குகிறார். உங்கள் யோசனையை மறுத்தால் அம்மாவின் வேலைக்குச் சிக்கல் வருமோ என்ற அச்சம் அவருக்கு இருக்கும். அதனால் எதைச் சொன்னாலும் “சரிங்க டீச்சர்” என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மா அருகில் இல்லாத நேரத்தில், உங்கள் வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் பேசுங்கள். மதிப்பெண் பேச்சு அன்று வேண்டாம். வீட்டுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார், கடன் உண்டா, வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிகிறது, எவ்வளவு குறைந்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்று கேளுங்கள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் சொல்லும் யோசனை எவ்வளவு நல்லதானாலும் நிற்காது. பிறகு வழிகளை விளக்கிவிட்டு ஒரு வாரம் விடுங்கள். எது வேண்டும் என்று அவரே வந்து சொல்லட்டும்.

இனி வழிகள். தோற்ற இரண்டு பாடங்களை மட்டும் துணைத் தேர்வில் எழுதித் தேறலாம். தேர்வு முடிவு வந்த சில நாட்களிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். தேதியைக் கோட்டைவிட்டால் அடுத்த வாய்ப்புக்குப் பல மாதங்கள் ஆகும்.

இரண்டாவது வழி ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம். இவருடைய நிலைமைக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்ற இரண்டாண்டுப் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பிளஸ் டூ தோல்வி தடையாகாது. மதுரையில் புதூரிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பிலிருந்து படித்த மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. சேரும்போதே இரண்டுக்கும் விண்ணப்பிப்பது பற்றி அலுவலகத்தில் கேளுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

ஐடிஐ முடித்தால் கதவு அடைபடுவதில்லை. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர், பிளஸ் டூ தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றும் பெறலாம். தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் உதவித்தொகையுடன் பயிற்சி கிடைக்கும்.

பிளஸ் டூ இல்லாமலே பட்டம் என்று யாராவது அழைத்தால் போக வேண்டாம். பத்து, பன்னிரண்டு என்று வரிசையாகத் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தைத் தமிழக அரசு வேலைக்கு ஏற்பதில்லை. மூன்று ஆண்டு உழைப்பு வீணாகிவிடும். வேலைக்கு டெபாசிட் கேட்பவரிடமும், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்பவரிடமும் அவரைப் போகவிடாதீர்கள்.

சேர்த்துவிட்டதும் பலர் நிம்மதியாக ஒதுங்கிவிடுகிறார்கள். உங்கள் உதவி அதிகம் தேவைப்படுவது அப்போதுதான். ஐடிஐ தேர்வெழுத 80 சதவீத வருகைப்பதிவு வேண்டும். அதிகாலையில் கேன் போட்டுவிட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளை முதலில் ஒரு நாள் தூங்கிவிடுவார், அடுத்த வாரம் இரண்டு நாள். அப்புறம் வகுப்பாசிரியர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டே நின்றுவிடுவார். நான் பார்த்தவரை இந்தப் பிள்ளைகள் நிற்பதற்குப் படிப்பு கடினமாக இருப்பதைவிட இந்தக் கூச்சமே பெரிய காரணம். எனவே முதல் சில மாதங்கள் வாரம் ஒரு முறையாவது பேசுங்கள். விடுப்பு எடுத்தது தெரிந்தால் திட்டாமல் மறுநாளே கூட்டிக்கொண்டு போய் ஆசிரியரிடம் பேசுங்கள். காலை வேலையின் நேரத்தைக் குறைக்க முடியுமா என்று முதலாளியிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள். ஓர் ஆசிரியை கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பணம் தர விரும்பினால் தேர்வுக் கட்டணம், புத்தகம், கருவிகள் என்று அந்தந்தச் செலவுக்கு நேரடியாகக் கொடுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் கொடுப்பதைவிட அவருடைய அம்மாவின் சம்பளத்தைக் கூட்டிவிடுங்கள். அது அவர் உழைப்புக்கு உரியது. மகன் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதைக் குறைக்கக் கூடாது.

இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்திய உங்களுக்கு, ஐடிஐ முடித்து வேலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவராவது தெரிந்திருப்பார். தம்பி முடிவெடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் அனுப்பி வையுங்கள். உண்மையில் கைக்கு எவ்வளவு வருகிறது, இரவு ஷிப்ட் எப்படி, எந்தப் பிரிவுக்கு வேலை கிடைக்கிறது என்பதையெல்லாம் உங்களிடம் கேட்கத் தயங்குபவர் அவரிடம் கேட்பார்.