ஸ்டீம் டெக்குக்கு எந்த மெமரி கார்டு?

கேள்வி: சார், மாமா துபாய்ல இருந்து வரும்போது ஸ்டீம் டெக்னு கையில வெச்சு ஆடுற கேம் மெஷின் வாங்கிட்டு வந்தாரு, 64 ஜிபி மாடல். ரெண்டு கேம் போட்டதுமே ஃபுல் ஆயிடுச்சு. கடையில 200 எம்பி ஸ்பீடு கார்டுதான் பெஸ்ட்டுங்கறாங்க, ஆனா விலை ரொம்ப ஜாஸ்தி. வாங்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: வேண்டாம், காசு வேஸ்ட். டெக்ல இருக்கிற ஸ்லாட் யுஹெச்எஸ்-1ங்கற வேக ரகம், அதோட உச்சமே செகண்டுக்கு 104 எம்பிதான், அந்த 200 எல்லாம் அந்தந்த கம்பெனியோட சொந்த ரீடர்ல போட்டாதான் வரும். யுஹெச்எஸ்-2 கார்டும் அப்படித்தான், பின்னாடி ரெண்டாவது வரிசை பின் இருக்கும், டெக்ல அதைத் தொட ஆளே இல்ல.

கார்டு மேல யு3, ஏ1 இருக்கான்னு பாருங்க, போதும். யு3ன்னா தொடர்ந்து எழுதும்போது வேகம் 30 எம்பிக்குக் கீழ போகாது. கேமுக்கு முக்கியம் ஏ1தான், ஏன்னா கேம் லோடு ஆகும்போது சின்னச் சின்ன துண்டா அங்கங்க இருந்து படிக்கும், ஏ1 கார்டு அப்படி செகண்டுக்கு குறைஞ்சது 1500 தடவை படிக்கணும். ஏ2ல அது 4000, ஆனா மெஷினும் ஒத்துழைச்சாதான் அந்த வேகம் வரும், அதனால ஒரே விலைன்னா மட்டும் ஏ2 எடுங்க.

மிச்சமாகிற காசை சைஸ்ல போடுங்க, 512 ஜிபிக்குக் குறைஞ்சு வாங்காதீங்க. விண்டோஸ்ல 476னு காட்டும், யாரும் ஏமாத்தல, கம்பெனி ஆயிரமா எண்ணுது, கம்ப்யூட்டர் 1024ஆ எண்ணுது, அவ்ளோதான்.

நிஜமா ஏமாத்துறது, 2 டிபி கார்டு ஐநூறு ரூபாய்னு விக்கிறானே அது! உள்ள 32 ஜிபி சிப்பை வெச்சுட்டு 2 டிபின்னு பொய் சொல்ல வெச்சிருப்பான், 32 தாண்டினதும் போடுறது எல்லாம் காலி. எங்க வாங்கினாலும் ரிட்டர்ன் தேதிக்குள்ள விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ்னா எஃப்3ங்கற கார்டு சோதிக்கிற சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்க, கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படிச்சு உண்மையைச் சொல்லிடும். சில மணி நேரம் ஆகும், ராத்திரி விட்டுட்டுத் தூங்குங்க.

இன்னொண்ணு, டெக் கார்டை இஎக்ஸ்டி4ங்கற லினக்ஸ் முறையில ஃபார்மேட் பண்ணும், உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும். போன்ல இருந்து உருவின கார்டை கல்யாண போட்டோவோட அப்படியே சொருகி ஃபார்மேட் குடுத்துடாதீங்க.

கேள்வி: இதே கார்டை தம்பியோட நின்டெண்டோ கேம் மெஷின் ஸ்விட்ச் 2லயும் போடலாமா?

பதில்: கேம் போட முடியாது. அதுக்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ்னு தனி ரகம், விலையும் கூடுதல். பழைய ஸ்விட்ச்ல எடுத்த ஸ்கிரீன்ஷாட், வீடியோவை மாத்திக்க மட்டும் சாதா கார்டு உதவும்.