கமெண்டரியில் வரும் 'வால்' யாருடையது?

பெரம்பூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மகளோடு உட்கார்ந்து ஆங்கில கமெண்டரியில் கிரிக்கெட் பார்க்கிறேன். தனித்தனியாக வார்த்தைகள் தெரிகின்றன, சேர்த்துச் சொன்னால் பிடிபடவில்லை. 'தி டெயில் இஸ் வேகிங்' என்றார்கள். அகராதியில் நாய் வாலாட்டுவது என்று போட்டிருக்கிறது. இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொள்வது?"

அகராதி சொன்னது சரிதான், வாலேதான் அது. பேட்டிங் வரிசையின் கடைசியில் இறங்கும் பந்துவீச்சாளர்களை 'டெயில்' என்பார்கள். அவர்களிடம் யாரும் ரன் எதிர்பார்ப்பதில்லை. மீறி அடித்துவிட்டால், வால் ஆடுகிறது! 1999 சேப்பாக்கம் டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? பாகிஸ்தானுக்கு எதிராக ஜெயிக்க 271 வேண்டும். முதுகுவலியோடு 136 அடித்த சச்சின் அவுட் ஆனபோது ஸ்கோர் 254. பாக்கி 17 ரன்தான். அடுத்த 4 ரன்னுக்குள் மிச்ச மூன்று விக்கெட்டும் போய்விட்டன. அன்றைக்கு வால் ஆடவில்லை. அந்த மதியத்தை நினைத்துக்கொண்டால் இந்தச் சொல் மறக்கவே மறக்காது.

அதனால் மொழிபெயர்க்கப் பார்க்காதீர்கள், பின்னால் இருக்கும் காட்சியைத் தேடுங்கள். பல காட்சிகள் நமக்கும் பழக்கமானவைதான். ரன் எடுக்காமல் அவுட்டானால் 'டக்'. பூஜ்யம் வாத்து முட்டை மாதிரி இருப்பதால் 'டக்ஸ் எக்' என்றார்கள், அதைச் சுருக்கி 'டக்' ஆக்கினார்கள். பரீட்சையில் பையன் முட்டை வாங்கினான் என்கிறோமே, அதே முட்டைதான்.

நிறையப் பேர் தடுமாறுவது 'ரோப்ஸ்' வரும்போது. 'ஓவர் த ரோப்ஸ்' என்றால் பவுண்டரி கயிறு, பந்து அதைத் தாண்டிப் போய்விட்டது, சிக்ஸர். 'ஆன் த ரோப்ஸ்' என்றால் அது பாக்ஸிங் ரிங் கயிறு. அடி வாங்கி, பின்னால் போக இடமில்லாமல் கயிற்றில் சாய்ந்து நிற்கிறான். வடசென்னைக்காரருக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். 'த்ரோ இன் த டவல்' என்பதும் அதே ரிங்கிலிருந்து வந்ததுதான். வீரனின் ஆட்கள் உள்ளே டவலை வீசினால், சண்டையை விட்டுக்கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

ஒரே சொல் இரண்டு விதமாக வந்தால், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு பேட்ஸ்மேன் 'ஆன் த பேக் ஃபுட்' என்றால் பெரும்பாலும் நிஜமாகவே பின்னங்காலில் போய் ஆடுகிறார். ஓர் அணியே 'ஆன் த பேக் ஃபுட்' என்றால் அணிக்குக் காலா இருக்கிறது? நெருக்கடியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், பழக ஒரு வழி. லைவ் மேட்சில் கற்க நேரம் கிடைக்காது. ஹைலைட்ஸில் ஒரே ஓவரை முதலில் தமிழ் கமெண்டரியில் கேளுங்கள், உடனே ஆங்கிலத்துக்கு மாற்றிக் கேளுங்கள். புரியாத சொல் வந்தால் நிறுத்தி, ஸ்கோரையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு மேட்சுக்கு மூன்று சொல் போதும். அந்த நோட்டை உங்கள் மகளிடமும் கொடுங்கள், அவருக்கும் சந்தேகங்கள் இருக்கும்.